உளு விழாத கட்டில்

அந்தக் கண்ணாடி மேசையை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்த காலை அப்படியே கண்ணில் நிற்கிறது. முன்பக்கம் என் கணவரும் பின்பக்கம் தெருமுனை ஆட்டோக்காரரும் பிடித்திருந்தார்கள். எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டர் சார் அதன் முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் தனியாகக் கழற்றி, பூப்போட்ட பழைய விரிப்பில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி தெரு நடுவில் நின்றார். எதிரே வந்த பைக்கை ஒரு கையால் நிறுத்திவிட்டு, “பைய, பைய, படி இருக்கு” என்றார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இருபது அடிகூட இருக்காது. அந்த இருபது அடிக்காக அவர் வேட்டி மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவர் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகியும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர் சார்தான். மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் சென்னையில் வங்கி வேலையில் இருந்தாள். அவரே சமைத்து, அவரே துவைத்து, ஞாயிறு காலை கோவிலுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். அந்த மேசை அவர் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. திசையன்விளையில் வியாபாரம் செய்த அவர் மாமனார், செங்கோட்டையிலிருந்து ஒரே பலா மரத்தை வரவழைத்து, மகளுக்கு ஒரு கட்டிலும் ஒரு கண்ணாடி மேசையும் செய்து கொடுத்தாராம். கட்டிலில் சார் படுத்துக்கொண்டிருந்தார். கடைசி எட்டு மாதம் அந்த அம்மா படுத்துக் கிடந்ததும் அதே கட்டிலில்தான். மேசை மூலையில் கிடந்தது. வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசிப் பூசிக் கறுத்து, மேற்பலகையில் பவுடர் டப்பா வைத்து வைத்து ஒரு வட்டத் தழும்பு விழுந்திருந்தது. கிறிஸ்மஸுக்கு மகள் வரும்போது அதைப் புதிதாக்கி அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

“ஆசாரிகிட்ட குடுக்க மனசு வரல டீச்சர். நீங்க செய்யுததைப் பாத்திருக்கேன். உங்க கைல குடுக்கேன்” என்றார்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுப்பவள். பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில், பரணில் கிடந்த மாமனாரின் சாய்வு நாற்காலியை இறக்கி, பொழுது போகாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து தேக்கின் வரிகள் தெளிந்து வந்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டுப் பூசக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடத்தில் ஒரு முக்காலி, ஒரு புத்தக அலமாரி, தங்கையின் தொட்டில் என்று ஏழெட்டு சாமான்கள் என் கையால் மினுங்கின. வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீங்களேவா செஞ்சிய?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குத் தேவைப்பட ஆரம்பித்திருந்தது. கேட்காமல் போனவர்களை உட்காரச் சொல்லும்போது அந்த நாற்காலியையே காட்டுவேன்.

மேசையில் முதல் இரண்டு நாள் முறையாகத்தான் வேலை செய்தேன். ஆனால் அந்த வார்னிஷ் உப்புத்தாளில் மெழுகாக ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. ஒரு பக்கப் பலகைக்கே இரண்டு மாலை போயிற்று. கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மூன்றாம் நாள், சனிக்கிழமை, காஸ்டிக் சோடாவைக் கரைத்து, மைதா மாவு கலந்து களியாக்கி மேசை முழுவதும் அப்பினேன். வார்னிஷ் கழன்று வரும் என்று தெரியும். மரத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். சில மரங்கள் காரம் பட்டால் கறுத்துப்போகும் என்பதையும், பழைய ஆசாரிகள் மூட்டுகளில் ஊற்றிய வச்சிரப் பசை காரத்தில் கரைந்துபோகும் என்பதையும் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது என் பாடம். அரை மணி நேரத்தில் கழுவிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பெருமாள்புரத்திலிருந்து உடன் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் போன் செய்தாள். அவள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்களாம். அவர்களிடம் ஒரு பழைய பெஞ்சு இருக்கிறதாம். நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். “உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம்” என்றாள். பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தேன். அங்கே காப்பி கொடுத்தார்கள். என் போனிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு பெரியவர், “டவுன்ல கடையே போடலாமே” என்றார். நான் வீடு திரும்பியபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். களி காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். களி போன இடத்தில் பலகை கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் மரம் நாராகப் பிசிறியது. இழுப்பறையை இழுத்தேன், முகப்புப் பலகை மட்டும் கையோடு வந்தது. வினிகர் ஊற்றித் துடைத்தேன், பயனில்லை. மழை விட்டு அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. காயட்டும் என்று அப்படியே விட்டதுதான் கடைசித் தவறு. மறுநாள் மேற்பலகை நெளிந்து, அந்த வட்டத் தழும்பின் குறுக்கே நீளமாகப் பிளந்திருந்தது.

என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். திட்டவில்லை. “போயி உள்ளதைச் சொல்லிரு. அவரு நல்ல மனுசன்” என்றார்.

“சொல்லுதேன்” என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். திங்கட்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்ததும் அவரே வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், “என்ன டீச்சர், மரம் எதும் மக்கர் பண்ணுதா?” என்று கேட்டார். இன்றைக்கு யோசித்தால் அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டிவிட்டது போலிருக்கிறது. தவறு மரத்தின் மேல் இருக்கலாம் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

“உளு விழுந்திருக்கு சார். வெளிய தெரியல. வார்னிஷை எடுத்ததும் உள்ள எல்லாம் மாவாக் கொட்டுது” என்றேன்.

அவர் எங்கள் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு, “ஒரு தடவ பாக்கட்டுமா?” என்றார்.

“வேண்டாம் சார். பூச்சி துணில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரும். நானே அப்புறப்படுத்திட்டேன்.”

அது மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மறுநாள்தான் உடைத்து அனுப்பினேன்.

“அப்பம் கட்டிலு? அதும் இதும் ஒரே மரம்லா?” என்று கேட்டார். இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். கட்டிலுக்கு ஒன்றும் இருக்காது சார் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மேசையில் விழுந்த பூச்சி கட்டிலில் ஏன் விழவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று என் புத்தி கணக்குப் போட்டது. “பரவுற பூச்சிதான். பாத்துக்கிடுங்க” என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பார்த்தார். காஸ்டிக் பட்டு விரல் நுனிகள் உரிந்திருந்தன. “எனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிய. வேற யாரும்னா பூசி மெழுகிக் குடுத்திருப்பான். நீங்க உள்ளதைச் சொன்னிய” என்று சொல்லிவிட்டு, விரிப்பில் சுற்றிய கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே மேலப்பாளையத்திலிருந்து பழைய மரச்சாமான் வாங்கும் பாய் ஒருவரை, கட்டிலைச் சோதித்துப் பார்க்க வரவழைத்தார். நான் கேட் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கட்டிலை அவர்கள் முன்முற்றத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கடைந்த கால்கள், தலைமாட்டில் ஒரு மயில். பாய் குனிந்து கால்களைத் தட்டினார். அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை வைத்துத் தடவி மூக்கருகே கொண்டுபோனார்.

“யாரு சார் சொன்னா உளுன்னு? ஒரு பொட்டுத் தூளு இல்ல. இன்னும் நூறு வருசம் நிக்கும். நான் எடுத்துக்கிடுதேன்.”

“உள்ள இருக்கும் பாய், வெளிய தெரியாது. தெரிஞ்சே இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாதுல்லா” என்றார் சார். பிறகு தலையை நிமிர்த்தி என் பக்கம் கை காட்டினார். “சயின்ஸ் டீச்சர் சொல்லுதாவ. அவங்களுக்குத் தெரியாததா?”

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பார்க்கிற பார்வை அது. நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன். ஏழெட்டு அடிதான். போகும்போது ஒவ்வொரு அடியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து விறகு பிளப்பவர் வந்தார். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து அவர்கள் பின்கட்டு தெரியும். கோடரி விழுந்த முதல் அடியில் ஒரு கால் நீளவாக்கில் பிளந்தது. வெளியே கறுத்திருந்த அந்த மரம் உள்ளே மஞ்சள் கிழங்கை ஒடித்தது போல இருந்தது. துளை இல்லை, தூள் இல்லை. இரண்டாவது காலும் அப்படியே. சார் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பார்த்தாரா, இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் கோடரிச் சத்தம் கேட்கவில்லை. பிறகு மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு மகள் வந்தாள். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் இரும்புக் கட்டில். பின்கட்டில், குளிக்க வெந்நீர் போடும் அடுப்பருகே மஞ்சள் விறகு அடுக்கு. அதில் பாதி எரிந்த மயில். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனேன். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசை இல்லாத கண்ணாடி ஆணியில் தொங்கியது. அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே பேசினாள்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். உளுன்னு சொல்லி மேசையையும் தூக்கிப் போட்டு, நல்ல கட்டிலையும் பிளந்து எரிச்சிருக்காங்க. அந்தப் பாய்கிட்ட போன்ல கேட்டேன். மரத்துல ஒண்ணுமில்லன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாராம், இவங்க கேக்கல. யாரு உளுன்னு சொன்னதுன்னு அப்பாகிட்டயே கேளுங்கன்னுட்டாரு. யாருப்பா உங்களுக்கு உளுன்னு சொன்னது?”

சார் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை எழுந்திருக்கட்டும் என்று நாங்கள் காத்திருப்போமே, அப்படி. நான் தேநீரைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது.

“யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சேன்” என்றார் அவர்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தியளா டீச்சர்? இவங்களை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது? நாளைக்கு வீட்டையே கொளுத்தினா?”

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதத்தான் இத்தனை பக்கமும். “வயசாயிட்டுல்லா... தனியா இருந்தா அப்படித்தான் இருக்கும். நீங்க கூட்டிட்டுப் போறதுதான் நல்லது” என்றேன். சார் தலையைக் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தாண்டு கழிந்து அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போனாள். அறுபது வருடம் இந்த ஊரிலேயே நடந்து திரிந்தவர். வண்டி ஏறும் முன் வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், வாரம் ஒருமுறை பெருக்கித் துடைப்பேன். அதைப் பார்த்து, இந்தக் காலத்தில் அக்கம்பக்கத்துக்கு இப்படி யார் செய்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மர வேலையை விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். என் கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சாரையும் அவர் மகளையும் வழியனுப்பிய அன்று இரவு, “இன்னும் சொல்லலியா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் எடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றேகால் வருடம் போனது. ஒரு நாள் மதிய இடைவேளையில் மகள் போன் செய்தாள். அப்பா சரியாகப் பேசுவதில்லை, வெளியே போவதில்லை, மறதி டாக்டரிடம் காட்டுகிறோம் என்றாள். “எப்ப இருந்து இப்படின்னு டாக்டர் கேக்காரு டீச்சர். கட்டிலை எரிச்சதுதான் மொதல் அடையாளம்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முந்தி ஏதாவது தெரிஞ்சுதான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுதியளா? பக்கத்துல இருந்து பாத்தவங்க நீங்கதான்.”

ஆசிரியர் அறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். என் பொய் ஒரு டாக்டரின் நோட்டில் நோயாக ஏறியிருந்தது. “நேரில் வந்து சொல்லுதேன்” என்றேன். அந்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். கூட வரட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான்காம் மாடியில் வீடு. சார் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க டீச்சர், ஊர்ல மழை உண்டா?” என்று கேட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பார்கள், நலம் விசாரிப்பார்கள், சொல்ல முடியாமல் போய்விடும். மகளைப் பார்த்து நின்றபடியே சொன்னேன். மேசையில் உளு இல்லை, நான்தான் கெடுத்தேன், அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன், உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அவர் என் பேச்சை நம்பினார், அவ்வளவுதான்.

மகள் முதலில் புரியாதவள் போல் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு என் எதிரே உக்காந்து டீ குடிச்சீங்களே டீச்சர். கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்களே. ஒரு வருசமா எங்க அப்பாவைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தியிருக்கேன். தீப்பெட்டியை ஒளிச்சு வச்சிருக்கேன்.” அவள் திரும்பி அவரைக் கேட்டாள். “உங்களுக்கு இது தெரியுமாப்பா?”

“கட்டில் காலைப் பிளந்தப்பமே தெரியும்.”

“அப்புறம் ஏன் மிச்சத்தையும் பிளக்கச் சொன்னீங்க?”

“ரெண்டு காலு போன பொறவு கட்டில் ஏது?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “டீச்சர் சொல்லுவாங்கன்னு இருந்தேன்.”

மகள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சார் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பலாம் என்று அவளே சொன்னபோது, இனி அங்கே தனியாகச் சமைத்துத் தின்ன உடம்பில் தெம்பு இல்லை என்றாராம். அந்தத் தெம்பு அவருக்கு இருந்த காலத்தில்தான் அவரைக் கூட்டிப் போகச் சொன்னேன். எதிர்வீட்டில் இப்போது வேறு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சாவியை அவர்களிடம் ஒப்படைத்தேன்.

அன்று சென்னையில் அவள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன்.

“அந்த மேசைக்கு நெசமா என்ன ஆச்சு டீச்சர்?”

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். எத்தனை கரண்டி காஸ்டிக் போட்டேன், எத்தனை மணிக்கு அப்பினேன், பெருமாள்புரத்தில் யார் என்னைப் புகழ்ந்தார்கள், பலகை எப்படிக் கறுத்தது, இழுப்பறை எப்படிக் கையோடு வந்தது, வெயிலில் எந்த இடத்தில் வெடித்தது. பவுடர் டப்பா வட்டத்தைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒருவரின் கடைசி மணி நேரத்தை உடனிருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

“அரை மணி நேரத்துல கழுவியிருந்தா பொழைச்சிருக்குமா?”

“பொழைச்சிருக்கும் சார்” என்றேன்.